கோவாவில் இரு பகலும் ஓர் இரவும்

பம்பாய்க்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஒரே ஊர்தான். அது சொந்த ஊர். ஆண்டில் கிடைக்கும் பதினைந்து நாள் விடுப்பும், சேர்த்து வைத்த பணமும் திருமணம், காதுகுத்து, கோயிற்கொடை, இறந்தார்க்குச் செய்யும் கடன் என்று நெல்லை நோக்கியே ஓடிவிடும். மகிழ்ச்சிக்காக மட்டும் ஓர் ஊருக்குப் போய்வருவது நம் கணக்குப் புத்தகங்களில் இடம்பெறாத செலவு. ஆகவே, சில பருவங்களுக்கு முன்னர் நாங்கள் நால்வர் கூடிக் கோவாவிற்குச் சென்று கால்பந்தாட்டம் பார்த்து வரலாம் என்று பேசியபோது, அதைக் கேட்ட வீட்டார் முதலில் நகைத்தார்கள், பிறகு ஐயுற்றார்கள்.

ஐயத்துக்குக் காரணம் இருந்தது. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, மாண்டவி ஆற்றில் மிதக்கும் காசினோக் கப்பல் ஒன்றுக்கும் ஓர் இரவு சென்றுவருவது என்பது திட்டத்தின் பிற்பகுதி. எங்களுள் இளையவன், நண்பரின் மகன், இருபத்து நான்கு வயதினன். போக்கர் என்னும் சீட்டாட்டத்தைச் சட்டைப் பொத்தான்களைப் பந்தயமாக வைத்துத் தோழர்களுடன் ஆடிப் பழகியவன். உண்மையான மேசையில் ஒருமுறை அமர்ந்து பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவனுடைய தாயாரோ, தம் தமையனார் சீட்டாடியே பாளையங்கோட்டையில் நல்ல நிலையில் இருந்த மளிகைக் கடையை இழந்ததைக் கண்ணால் கண்டவர். எனவே அவ்வீட்டுக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் திட்டம் விசாரணைக்கு வந்தது.

அம்மையார் கோபிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து எதிரில் வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, ஜெயிச்சா என்ன செய்வீங்கன்னு நான் கேக்கல. தோத்தா வீட்டுல எந்தச் செலவைக் குறைக்கணும்? அதை மட்டும் இப்பவே சொல்லிட்டுப் போங்க” என்றார்.

அந்த ஒரு கேள்வியால் எங்கள் திட்டம் ஒழுங்கு பெற்றது. போக்குவரத்து, விடுதி, உணவு, ஆட்டச்சீட்டு ஆகியவற்றுக்கு ஆளுக்கு 9,000 ரூபாய் பொதுப்பணம். அது எங்களில் மூத்தவர் பொறுப்பில் ஓர் உறையில் இருக்கும். காசினோவின் நுழைவுக் கட்டணமும் ஆட்டப் பணமும் அவரவர் சொந்தக் காசு. மூத்தவர்கள் மூவரும் ஆளுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் ஆடுவதில்லை. போக்கர் மேசையில் அமர அதற்கெனக் குறைந்த அளவுத் தொகை ஒன்று வேண்டுமாதலால், இளைஞன் தன் சம்பளச் சேமிப்பிலிருந்து 15,000 ரூபாய் கொண்டு செல்லலாம். இத்தொகைகள் திரும்பிவரும் என்று எவரும் எண்ணலாகாது. நாடகம் பார்க்கக் கொடுத்த காசைப்போல இன்றே செலவெழுதிவிட வேண்டும். வங்கி அட்டைகள் விடுதிப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். கடைசியாக, இரவு ஒன்றரை மணிக்கு அனைவரும் எழுந்துவிட வேண்டும். அம்மையாரே மகனுடைய கைப்பேசியை வாங்கி அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை இரவு கொங்கண் கன்னியா விரைவு வண்டியில் ஏறினோம். பம்பாயிலிருந்து மட்காவ் நிலையம் அறுநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவு. மலையைக் குடைந்தும் ஆறுகளைத் தாண்டியும் செல்லும் கொங்கண் இருப்புப்பாதை 1998ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது; அதற்கு முன்னர் கோவா செல்வோரில் பலருக்குப் பேருந்தில் நெடுவழியோ, சுற்றிச் செல்லும் ரயிலோதான் கதி. காலையில் கண்விழித்தபோது சாவந்த்வாடியை நெருங்கிக்கொண்டிருந்தோம். செம்மண் வெட்டுக்களும், முந்திரித் தோப்புக்களும், தென்னைகளுக்கிடையே ஓட்டு வீடுகளும் கடந்து சென்றன. “குமரி மாவட்டத்துக்குள் வந்துவிட்டோமோ!” என்று எங்களில் ஒருவர் வியந்தார். அயலூரில் நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கு எந்தத் தென்னையைக் கண்டாலும் சொந்த ஊர் நினைவுதான்.

மட்காவில் அறையெடுத்து, பாவ் ரொட்டியும் பட்டாணிக் குழம்புமாகக் காலை உணவை முடித்தோம். அவ்வூரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அது கால்பந்தில் வந்து முடிகிறது. இந்தியாவின் பிற பகுதிகள் கிரிக்கெட்டுக்கு அடிமையாகிவிட்ட காலத்தில், கோவா அரசு 2012ஆம் ஆண்டில் கால்பந்தைத் தன் மாநில விளையாட்டாக அறிவித்தது. 1883ஆம் ஆண்டில் சியோலிம் என்னும் ஊரில் வில்லியம் ராபர்ட் லயன்ஸ் என்னும் பாதிரியார் இவ்வாட்டத்தைக் கற்பித்தார் என்பது அவர்கள் பெருமையுடன் கூறும் தொடக்கம். மாதா கோயில் முற்றங்களிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் வளர்ந்த ஆட்டம் அது. இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய கோல்காப்பாளர் பிரமானந்த் சங்க்வால்கர் இம்மண்ணின் மைந்தர். டெம்போ கழகம் ஐந்து முறை தேசிய லீக் பட்டத்தை வென்றது. சால்காவ்கர், சர்ச்சில் சகோதரர்கள் ஆகிய கழகங்களும் நாடறிந்தவை.

ஃபதோர்டாவில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் நம்மவர்க்கும் ஒரு வகையில் உரிமையுடையது. 2015 டிசம்பர் 20ஆம் நாள் இந்தியன் சூப்பர் லீகின் இறுதியாட்டம் அங்கேதான் நடந்தது. சொந்தக் களத்தில் ஆடிய கோவா அணி 87ஆம் நிமிடத்தில் இரண்டுக்கு ஒன்று என முந்தியது. கோப்பை அவர்களுக்கே என்று அரங்கம் ஆர்ப்பரித்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் கோல்காப்பாளர் கட்டிமணியின் கையால் பந்து அவர் வலைக்குள்ளேயே புகுந்து சமநிலை ஆயிற்று. அடுத்த சில நிமிடங்களிலேயே மெண்டோசா அடித்த பந்தால் சென்னை அணி மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. அதே அரங்கில் 2020 மார்ச்சு 14ஆம் நாள், நோய்த்தொற்றின் அச்சத்தால் பார்வையாளர் ஒருவருமின்றி நடந்த இறுதியாட்டத்தில் சென்னை அணி கொல்கத்தா அணியிடம் மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றது. வெற்றியில் பிறர் கண்ணீரையும் தோல்வியில் வெறும் நாற்காலிகளையும் நம் அணிக்குக் காட்டிய களம் அது.

நாங்கள் சென்றதும் சென்னை அணிக்கும் கோவா அணிக்கும் நடந்த லீக் ஆட்டத்திற்கே. செம்மஞ்சள் நிறச் சட்டைகளுக்கு நடுவே நீலச் சட்டையணிந்த எங்களைப் போன்றோர் சிறு தீவுபோல் அமர்ந்திருந்தோம். அருகில் இருந்த முதியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு, தாம் இளமையில் கப்பலில் வேலை பார்த்தபோது சென்னைத் துறைமுகத்தில் தங்கியதை இந்தியில் சொல்லி, கடலைப் பொட்டலத்தையும் நீட்டினார். ஆட்டத்தில் நம் அணி தோற்றது. நாங்கள் தொண்டை வற்றக் கத்தியும் பயனில்லை. ஆயினும் நடுவர் கடைசி விசிலை ஊதியதும் யாவும் முடிந்தது. முதியவர் எங்கள் தோளைத் தட்டி, அடுத்த முறை பார்ப்போம் என்றார். எங்களுக்கு மனம் கனத்திருந்தது. ஆனால் பணப்பை கனம் குறையவில்லை.

திட்டத்தில் நாங்கள் செய்த பெரும் பிழை அதன் பிறகே விளங்கிற்று. தோல்வியின் சூடு ஆறாத மனத்தோடு அன்றிரவே பணஜி நோக்கிப் புறப்பட்டோம். முப்பத்தைந்து கிலோமீட்டர் வழியெங்கும், “போனதை அங்கே பிடித்துவிடலாம்” என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டே சென்றோம். அந்த வேடிக்கையில் பாதி வினை இருந்தது.

மாண்டவி ஆற்றின் கரையில் நின்று பார்த்தால், இருளில் வண்ண விளக்குகளால் போர்த்திய மாளிகைகள் நீரில் நிற்பதுபோல் காசினோக் கப்பல்கள் தெரிகின்றன. கரையிலிருந்து சிறு படகில் அழைத்துச் செல்கிறார்கள். இந்நாட்டின் பெரும்பகுதியில் சூதாட்ட விடுதி நடத்துவது குற்றமாயிருக்க, இங்கே மட்டும் எப்படி என்று கேட்கலாம். கோவாவின் 1976ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டமும் சூதைத் தடுப்பதே. 1992இல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திர ஆட்டங்களுக்கும், 1996இல் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் இடமளித்து அதைத் திருத்தினார்கள். இருபத்தொரு வயது நிரம்பாதோர்க்கு அனுமதி இல்லை. இன்னொரு செய்தி எங்களைச் சிந்திக்க வைத்தது: 2020 பிப்ரவரி முதல் நாளிலிருந்து கோவாக்காரர்கள் இக்காசினோக்களில் ஆடுவதற்கு அவர்கள் அரசே தடை விதித்தது. தம் மக்கள் ஆடலாகாது, வெளியூரார் ஆடலாம் என்பது அதன் பொருள். அந்த வெளியூரார் நாம்தான்.

அடையாள அட்டையைக் காட்டி உள்ளே சென்றோம். பணத்தைக் கொடுத்தால் வண்ண வில்லைகள் தருகிறார்கள். கைக்கு வந்த கணமே அது பணம் என்னும் எண்ணம் மங்கிவிடுகிறது. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டத் தயங்கும் கை, வில்லையைத் தயங்காமல் தள்ளுகிறது. எங்கள் கண்ணுக்குச் சுவரில் ஒரு கடிகாரமும் படவில்லை.

போக்கர் என்பது நம் வீடுகளில் ஆடும் ரம்மியைப் போன்றதன்று. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகவும், ஐந்து சீட்டு எல்லார்க்கும் பொதுவாகவும் வரும். அவ்வேழில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெல்ல வேண்டும். நல்ல சீட்டு இல்லாதவனும் துணிந்து பந்தயத்தை ஏற்றி, நல்ல சீட்டு உள்ளவனை விலகச் செய்யலாம். ஆகவே கணக்கும் முகக்குறிப்பும் பொறுமையும் வேண்டிய ஆட்டம், திறமைக்கு இடமுண்டு. இங்கே விடுதிக்காரர் எதிராளியாக அமர்வதில்லை. ஆடுவோர் ஒருவர் பணத்தை ஒருவர் வெல்கிறார்கள். ஆனால் சேர்ந்த பந்தயப் பணத்திலிருந்து விடுதிக்கு ஒரு பங்கு எடுக்கப்படுகிறது. இதைச் சிறு கணக்காகப் பார்க்கலாம். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 100 ரூபாய் எடுப்பதாகவும், மணிக்கு 30 ஆட்டம் நடப்பதாகவும் கொண்டால், மேசையிலிருந்து மணிக்கு 3,000 ரூபாய் மறைகிறது. ஒன்பது பேரும் சமத் திறமையினர் என்றால், யாரும் யாரையும் வெல்லாமலே ஒவ்வொருவரும் மணிக்கு 333 ரூபாய் இழக்கின்றனர். பிறரைவிடச் சற்றுத் திறமை மிகுந்தவனும் சமமாகவே எழுவான். மிகவும் மிகுந்தவனுக்கே மிச்சம்.

சுழல் சக்கரத்திலோ திறமைக்கு இடமே இல்லை. ஒரே சுழியம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள். ஓர் எண்ணில் ஒரு ரூபாய் வைத்து வென்றால், வைத்த ரூபாயோடு 35 ரூபாய் தருவார்கள். எல்லா எண்ணிலும் ஒரு ரூபாய் வைத்தால் 37 கொடுத்து 36 பெறுகிறோம். அந்த ஒரு ரூபாய்தான் கப்பலின் விளக்குக்கும் விருந்துக்கும் பாட்டுக்கும் செலவு.

இளைஞன் சிறிய மேசையொன்றில் இடம்பெற்று அமர்ந்தான். பெரும்பாலான ஆட்டங்களில் சீட்டைப் பார்த்ததும் விலகினான். ஒருமுறை நான்காயிரம் அளவுக்கு வென்றான். பின்னர் அதையும் அதற்கு மேலும் இழந்தான். “இங்க உக்காந்திருக்கிறவங்க என்னைவிட நல்லா ஆடுறாங்க, மாமா. பொத்தான் வச்சு ஆடினப்ப யாரும் பயந்து விலகினது இல்ல, இங்க நான்தான் பயப்படுறேன்” என்று இடைவேளையில் சொன்னான். தன் அளவைத் தானே கண்டுகொண்ட அந்தச் சொல்லைக் கேட்டு நாங்கள் நிம்மதியடைந்தோம்.

நிம்மதியடைந்தவர்களில் ஒருவரே பின்னர் தவறினார். எங்களில் மூத்தவர் சுழல் சக்கரத்தில் தம் 3,000 ரூபாயையும் அரைமணியில் இழந்தார். பந்தாட்டத்தில் தோற்ற கசப்பும் அதனோடு சேர்ந்துகொண்டது. பொதுப்பணம் இருந்த உறை அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. கடனாக எடுத்து வென்றதும் வைத்துவிடலாம் என்று முதலில் இரண்டாயிரம் எடுத்தார். பிறகு மேலும் இரண்டாயிரம். அவர் யார் என்பதை மறைத்துப் பயனில்லை. இதை எழுதும் கையே அது. இளைஞனைக் காவல் காக்கச் சென்ற கை, வேலியே பயிரை மேய்ந்தாற்போல், நால்வர் பணத்தையும் தொட்டது. அந்த நேரத்தில் அறிவு உறங்கவில்லை. அது தருமனைப்போல் நியாயம் பேசிக்கொண்டே தோற்றது.

ஒன்றரை மணிக்கு அலாரம் ஒலித்தது. இளைஞன் ஆட்டத்தின் நடுவில் இல்லாத நேரம் பார்த்து எழுந்து, மிச்ச வில்லைகளை எண்ணி எடுத்துக்கொண்டான். 15,000 ரூபாயில் 11,200 இருந்தது. எங்கள் மூத்தவர் ஐந்தாயிரமாவது ரூபாய்க்காக மறுபடியும் உறைக்குள் கைவிட்ட வேளையில், அவன் அருகில் வந்து அந்தக் கையைப் பற்றினான். எவ்வளவு என்று கேட்கவில்லை. “மாமா, விசில் ஊதியாச்சு. எழுந்திருங்க” என்றான்.

படகு கரைக்குத் திரும்பும்வரை ஒருவரும் பேசவில்லை. கரையேறியதும் மூத்தவர் உறையை அவனிடமே கொடுத்து, நடந்ததைச் சொன்னார். அவ்விரவு முதல் பயணத்தின் பொருளாளர் மாறிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாடகைக் காரில் சுற்றிப் பார்ப்பது என்று இருந்த திட்டம் சுருங்கி, பேருந்தில் பழைய கோவா செல்வதாயிற்று. அதுவும் நன்மைக்கே. போம் ஜீசஸ் ஆலயத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் பேழையைத் தரிசித்தோம். 1542இல் கோவா வந்திறங்கிய அப்பெரியார், அதே ஆண்டிலேயே நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்குச் சென்று, பரதவ மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் மொழியிலேயே செபங்களைக் கற்பித்தவர். மணப்பாட்டில் பிறந்த எங்கள் நண்பர் அங்கே நெடுநேரம் மண்டியிட்டிருந்தார். அவருக்கு அது அயலூராகத் தோன்றவில்லை. நாங்கள் வெளியே மரநிழலில் காத்திருந்து, அன்று மாலை வண்டியேறி, திங்கட்கிழமை காலை பம்பாய் வந்து வேலைக்குச் சென்றோம்.

இத்தகைய பயணத்தைத் திட்டமிடும் அன்பர்களுக்கு நாங்கள் பட்டறிந்து சொல்வன சில. முதலில் ஆட்ட அட்டவணையைப் பார்த்து, பின்னர் ரயிலுக்கு முன்பதிவு செய்க. பகலில் செல்ல விரும்புவோர்க்கு 2023 ஜூன் முதல் வந்தே பாரத் வண்டியும் மட்காவ் வரை ஓடுகிறது. காசினோவிற்குப் போவதாயின் பந்தாட்டத்துக்கு முதல் நாளே போய்விடுக. தோற்ற மனத்தோடு போகவேண்டாம். நுழைவுக் கட்டணம் வாரநாளில் ஒருவகை, வார இறுதியில் ஒருவகை; அதில் உணவும் வில்லையும் எவ்வளவு அடக்கம் என்று கேட்டறிக. வரியையும் மறவற்க. 2023 அக்டோபரில் காசினோக்களுக்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாயிற்று. வென்ற பணத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு. இழந்ததை அதில் கழித்துக்கொள்ள இயலாது. வென்றாலும் பங்காளி இருக்கிறார். தோற்றால் நாம் தனியாள். பொதுப்பணம் சூதாடும் இடத்துக்குள் நுழையவே கூடாது, அது எவ்வளவு மூத்தவர் சட்டைப்பையாயினும்.

வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தது எளியோரை மட்டும் எண்ணியன்று என்பது இப்போது விளங்குகிறது. கால்பந்தாட்டத்தில் தொண்ணூறு நிமிடம் ஆனதும் நடுவர் விசில் ஊதுகிறார்; எவ்வளவு தோற்றிருந்தாலும் வீடு திரும்பலாம். சீட்டு மேசையில் விசில் ஊதுவார் எவருமில்லை. அதை வீட்டிலிருந்தே கொண்டு செல்ல வேண்டும்.

திங்கட்கிழமை மாலை கணக்கு ஒப்புவிக்கச் சென்றோம். அம்மையார் எல்லாவற்றையும் கேட்டார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்து, “அண்ணாச்சி வரவேண்டியது 4,000” என்று எழுதி, காப்பி கொண்டு வந்தார். அடுத்த மாதச் சம்பளத்தில் அத்தொகை செலுத்தப்பட்டது. அவ்வரியை அவர் அடித்துவிட்டு, அதன் கீழே, “அடுத்த ஆட்டம் – பொருளாளர்: தம்பி” என்று எழுதி வைத்திருக்கிறார்.